ஒரு ரன்னும் ஆறு இரட்டைச் சதங்களும்

கிரிக்கெட்டில் முட்டை வாங்குவது ஒன்றும் பெரிய குற்றம் இல்லை. பிராட்மேன் கடைசி இன்னிங்ஸில் முட்டைதான் வாங்கினார். சச்சினின் முதல் ஒருநாள் போட்டியும் முட்டைதான். ஆனால் டெஸ்ட் கிரிக்கெட்டுக்குள் நுழைந்த ஒரு பேட்ஸ்மேன் முதல் ஆறு இன்னிங்ஸில் ஐந்து முட்டை வாங்கினால்? மீதி இருக்கும் ஒரு இன்னிங்ஸிலும் எடுத்தது ஒரே ஒரு ரன் என்றால்?

0, 0, 0, 1, 0, 0.

இது யாருடைய போன் நம்பரும் இல்லை. இலங்கையின் மார்வன் அட்டப்பட்டு தன் டெஸ்ட் வாழ்க்கையைத் தொடங்கிய விதம் இது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஓப்பனிங் பேலன்ஸ் கிட்டத்தட்ட நில் :)

இந்தக் கதை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் ஃபார்வர்டு மெயிலில் வந்துகொண்டிருந்தது, இப்போது வாட்ஸப்பில் வருகிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடையில் சொல்வார்கள். "முட்டை வாங்கினார், திரும்பிப் போய்ப் பயிற்சி எடுத்தார், மறுபடி முட்டை வாங்கினார், மறுபடி பயிற்சி எடுத்தார், கடைசியில் ஆறு இரட்டைச் சதம் அடித்தார், நாட்டின் கேப்டன் ஆனார். ஆகவே நண்பர்களே..." என்று முடியும். அந்த ஒரு ரன்கூட உண்மையில் லெக் பை, நடுவர் கவனிக்கவில்லை என்று கூடுதலாக ஒரு மசாலாவும் சேர்ப்பார்கள். கைதட்டல் நிச்சயம்.

கதையில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. முதல் பாதியிலேயே சில விஷயங்களை விட்டுவிடுகிறார்கள், இரண்டாவது பாதியைத் தொடுவதே இல்லை.

முதலில் இருந்து வருவோம். அட்டப்பட்டு பிறந்தது 1970 நவம்பர் 22, களுத்துறையில். காலியில் மகிந்த கல்லூரி, பிறகு கொழும்பில் ஆனந்தா கல்லூரி. பள்ளிக்கூட கிரிக்கெட்டை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்கிற ஊர் அது. அங்கே பேர் வாங்கித்தான் மேலே வந்தார். 1990 நவம்பர் 23 அன்று, அதாவது இருபது வயது முடிந்த மறுநாள், இந்தியாவுக்கு எதிராகச் சண்டிகரில் அறிமுகம். இதைவிட நல்ல பிறந்தநாள் பரிசு எந்தப் பையனுக்குக் கிடைக்கும்?

பரிசைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு முட்டை. அந்த டெஸ்ட்டில் வெங்கடபதி ராஜு 12 ரன்கள் மட்டுமே கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இலங்கை முதல் இன்னிங்ஸில் 82க்குச் சுருண்டது, இன்னிங்ஸ் தோல்வி. அந்த ஸ்கோர் கார்டில் தடுமாறியவர்கள் நிறையப் பேர். ஆனால் மற்றவர்களுக்கு முன்னால் அடித்த ரன்கள் கணக்கில் இருந்தன. இவருக்கு அதுதான் முதல் கணக்கு.

அடுத்த டெஸ்ட் எப்போது கிடைத்தது தெரியுமா? 21 மாதம் கழித்து, 1992 ஆகஸ்டில்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மேடைப் பேச்சில் இந்த 21 மாதம் ஒரே வரியில் கடந்து போய்விடும். அந்தக் காலத்தில் இலங்கைக்கு டெஸ்ட் ஆட்டமே அபூர்வம். நாட்டில் இருந்த நிலைமையால் 1987 ஏப்ரலுக்குப் பிறகு 1992 ஆகஸ்ட் வரை சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட்கூட நடக்கவில்லை. ஐந்து வருஷம்! இன்றைக்கு ஒரு ஆட்டத்தில் சொதப்பினால் அடுத்த வாரமே இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அதில் அடித்து எல்லோரையும் மறக்க வைக்கலாம். அன்றைக்கு அப்படி இல்லை. வாங்கிய முட்டையை மாதக்கணக்கில் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதோடு அர்ஜுன ரணதுங்கா, அரவிந்த டி சில்வா, குருசிங்க, மகாநாம, திலகரத்ன என்று நடுவரிசையில் ஆள் நெருக்கடி வேறு.

அந்த ஐந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு ஆஸ்திரேலியா கொழும்புக்கு வந்து எஸ்எஸ்சி மைதானத்தில் ஆடிய டெஸ்ட்டில்தான் அட்டப்பட்டுவுக்கு இரண்டாவது வாய்ப்பு. இது ஒரு விசித்திரமான ஆட்டம். ஆஸ்திரேலியா 256க்கு அவுட். இலங்கை 547 ரன் குவித்தது. குருசிங்க 137, ரணதுங்கா 127, அன்றுதான் முதல் டெஸ்ட் ஆடிய களுவிதாரண 132 நாட் அவுட். இப்படி மூன்று பேர் சதம் அடித்த அதே இன்னிங்ஸில் நம்ம ஆள் முட்டை. சண்டிகரில் அணி முழுக்கத் தடுமாறியது என்று ஒரு சாக்காவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பும்போது இவர் இலை மட்டும் காலி.

இரண்டாவது இன்னிங்ஸ் இன்னும் மோசம். வெற்றிக்கு 181 ரன் போதும். 2 விக்கெட்டுக்கு 127 என்று கை நீட்டினால் எட்டும் தூரம். அங்கிருந்து சரிந்து 164க்கு ஆல் அவுட், 16 ரன்னில் தோல்வி. கடைசி மூன்று விக்கெட்டுகளை ரன்னே கொடுக்காமல் எடுத்தவர் ஷேன் வார்ன் என்ற புதுப் பையன். அட்டப்பட்டு எடுத்தது 1. அந்தப் புகழ்பெற்ற ஒரு ரன்! ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்ட் வெற்றிக்கு இலங்கை 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுபடி ஒன்றரை வருஷம். 1994 பிப்ரவரி, அகமதாபாத். இந்த டெஸ்ட்டை இந்தியர்கள் மறக்கவே மாட்டார்கள். ஹாட்லியின் சாதனையைத் தாண்டி கபில் தேவ் 432ஆவது விக்கெட்டை எடுத்தது இங்கேதான். 432 பலூன்கள் பறக்க விடப்பட்டன. அந்த விக்கெட் திலகரத்னவுடையது. அவர் பெயராவது வினாடி வினாக்களில் நிலைத்துவிட்டது. அதே ஆட்டத்தில் எதிர்முகாமில் ஒருவர் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யத்துக்கு அவுட் ஆனதை அன்றைக்கு யார் கவனித்திருப்பார்கள்? அட்டப்பட்டுவுக்கு 23 வயது. மூன்று டெஸ்ட், ஆறு இன்னிங்ஸ், 1 ரன். சராசரி 0.16.

இதற்குப் பிறகு மூன்று வருஷம் டெஸ்ட் இல்லை. அந்த மூன்று வருஷத்துக்கு நடுவில் ஒரு விஷயம் நடந்தது. 1996 உலகக் கோப்பை. இலங்கையின் 14 பேர் அணியில் அட்டப்பட்டுவும் இருந்தார். லாகூரில் கோப்பையை வென்ற அணியில் அவரும் ஒருவர். ஆனால் தொடர் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கூட்டத்தில் நின்றபோது அவர் மனதில் என்ன இருந்திருக்கும்? சந்தோஷம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அது முழுச் சந்தோஷமா?

1997 மார்ச்சில் நியூசிலாந்து பயணத்தில் நான்காவது டெஸ்ட் வாய்ப்பு. சொற்பொழிவாளர்கள் இங்கேதான் வேகம் எடுப்பார்கள். ஏதோ திரும்பி வந்ததும் பந்தைப் பிளந்து கட்டினார் என்பது போல. அப்படியெல்லாம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரன் வந்தது. ஜெயசூர்யாவோடு தொடக்க ஆட்டக்காரராக இறங்க ஆரம்பித்தார். 1997 ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 952 ரன் அடித்ததே, அந்த இன்னிங்ஸையும் தொடங்கியவர் இவர்தான். ஜெயசூர்யா 340, மகாநாம 225. இவர்? 26. அதுவும் எப்படி அவுட் தெரியுமா? நிலேஷ் குல்கர்னி டெஸ்ட் வாழ்க்கையில் வீசிய முதல் பந்தில்! அதற்குப் பிறகு அந்த இன்னிங்ஸில் குல்கர்னிக்கு விக்கெட்டே கிடைக்கவில்லை. சிலருக்கு ராசி இப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

அதே வருஷம் நவம்பர், மொகாலி. அங்கே வந்தது முதல் சதம், 108. மொகாலி சண்டிகரை ஒட்டியே இருக்கிற ஊர். ஏழு வருஷத்துக்கு முன் இரண்டு முட்டை வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே இந்தியாவுக்கு எதிராக. இந்த வரியை ஏன் எந்த ஃபார்வர்டிலும் காணோம் என்பது ஆச்சரியம்தான்.

பிறகு அடைமழை. 1998 ஜனவரியில் கண்டியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 223. அதே வருஷம் லார்ட்ஸில் முத்தரப்புத் தொடரின் இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 132 நாட் அவுட், கோப்பை இலங்கைக்கு. 1999ல் புலவாயோவில் 216 நாட் அவுட். 2000ல் கண்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக 207 நாட் அவுட், அதில் ஜெயசூர்யாவோடு முதல் விக்கெட்டுக்கு 335. 2001ல் காலியில் இங்கிலாந்துக்கு எதிராக 201 நாட் அவுட். அதே வருஷம் வங்கதேசத்துக்கு எதிராக 201. 2002ல் லார்ட்ஸ் டெஸ்ட்டில் 185. 2004ல் மறுபடி புலவாயோ, 249, சங்கக்காராவோடு இரண்டாவது விக்கெட்டுக்கு 438.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஆறு இரட்டைச் சதங்களில் மூன்று ஜிம்பாப்வேக்கு எதிராக, ஒன்று அப்போதுதான் டெஸ்ட்டுக்கு வந்திருந்த வங்கதேசத்துக்கு எதிராக. அவரைக் கிண்டல் செய்பவர்கள் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பாகிஸ்தானும் இங்கிலாந்தும் இனாமாக ரன் கொடுக்கவில்லை. ஆறு இன்னிங்ஸில் 1 ரன் எடுத்தவர், வேறு ஆறு இன்னிங்ஸில் 1297 ரன் எடுத்திருக்கிறார். எந்த அணிக்கு எதிராக என்றாலும் சரி, அத்தனை நேரம் ஒருவர் அவுட் ஆகாமல் நிற்க வேண்டும் அல்லவா?

அந்த வங்கதேச ஆட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. 201 அடித்ததும் அட்டப்பட்டு தானாகவே வெளியே போய்விட்டார், மற்றவர்கள் ஆடட்டும் என்று. பின்னாலேயே ஜெயவர்த்தனேவும் 150 அடித்துவிட்டு அப்படியே. காயம் எதுவும் இல்லாமல் இப்படி வெளியேறியதால் விதிப்படி இருவரும் 'ரிட்டயர்டு அவுட்'. டெஸ்ட் வரலாற்றில் அப்படி அவுட் ஆன முதல் இருவர் இவர்கள்தான். எதிரணியை அவமதிக்கிறார்கள் என்று அன்றைக்குத் திட்டு விழுந்தது. திட்டியதில் தப்பில்லை. என்றாலும், ஒரு இன்னிங்ஸ் கிடைக்காதா என்று வருஷக்கணக்கில் காத்திருந்த மனிதர், ஆட்டம் போதும் என்று தானே எழுந்து போனார் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

முட்டையும் அவரை முழுசாக விட்டுவிடவில்லை. டெஸ்ட்டில் மொத்தம் 22 முறை பூஜ்யம். ஒரே டெஸ்ட்டின் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம் என்பது 4 முறை. அந்த வரிசையில் அவருக்குத் துணை சந்திரசேகர், வால்ஷ் போன்றவர்கள். மட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் யாரும் கேட்காத பந்துவீச்சாளர்கள்! நடுவில் ஒரு பேட்ஸ்மேன்.

2003 உலகக் கோப்பையில் டர்பனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124. மழை, டக்வொர்த் லூயிஸ், ஆட்டம் டை, சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்கா வெளியே. அந்த ஆட்டம்தான். அதன் பிறகு கேப்டன் பதவி. 2004 ஆசியக் கோப்பை இறுதியில் இந்தியாவை 25 ரன்னில் வீழ்த்தியது இவர் தலைமையிலான அணி. மேடைக் கதை இங்கே முடிந்துவிடும். சுபம்.

சுபம் இல்லை. 2006 தொடக்கத்தில் முதுகுவலி. இங்கிலாந்துப் பயணத்துக்குப் போக முடியவில்லை. ஜெயவர்த்தனே கேப்டன் ஆனார், நன்றாகவும் செய்தார். கேப்டன் பதவி திரும்பி வரவில்லை. அணியில் இடமும் ஆட்டம் கண்டது. 2007 உலகக் கோப்பைக்கு அணியோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். இலங்கை இறுதி ஆட்டம் வரை வந்தது. அட்டப்பட்டு ஆடிய ஆட்டங்கள்: பூஜ்யம்.

1996ல் கோப்பை வென்ற அணியில் ஒரு ஆட்டமும் இல்லை. 2007ல் இறுதிக்கு வந்த அணியிலும் ஒரு ஆட்டமும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அன்றைக்கு அவர் 25 வயதில் 1 ரன் எடுத்திருந்த பையன், வெளியே உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. இப்போது 36 வயது, ஒருநாள் போட்டிகளில் 8529 ரன், முன்னாள் கேப்டன். தண்ணீர் பாட்டில் தூக்குவது கேவலம் இல்லைதான். ஆனால் எந்த வயதில் தூக்குகிறோம் என்பதில் எடை மாறுகிறது.

2007 நவம்பரில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அழைக்கப்பட்டார். பிரிஸ்பேன் டெஸ்ட்டின்போது பத்திரிகையாளர்கள் முன் வெடித்துவிட்டார். தேர்வுக் குழுவினர் எல்லாம் ஆட்டுவிக்கிறபடி ஆடும் பொம்மைகள், அவர்களுக்குத் தலைவர் ஒரு கோமாளி என்ற பொருளில் அவர் சொன்னது உலகம் முழுக்கச் செய்தி ஆனது. அதிகம் பேசாத, சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர் என்று பெயர் எடுத்தவரின் வாயிலிருந்து! அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று சொல்வது சுலபம்.

ஆனால் இந்த இடத்தில்தான் அந்த மேடைக் கதை விட்டுவிட்ட ஆள் ஞாபகத்துக்கு வருகிறார். மூன்று டெஸ்ட்டில் 1 ரன் எடுத்த ஒருவரின் பெயரை 1997ல் யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து மறுபடி எழுதியிருக்கிறார்கள். அதுவும் ஒரு தேர்வுக் குழுதான். உலகக் கோப்பை வென்ற அணி, ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. அந்தப் பெயரை விட்டிருந்தால் எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதியிருக்காது. விடாமுயற்சி அட்டப்பட்டுவுடையது, சந்தேகமே இல்லை. வலைப்பயிற்சியில் அவர் ஆடிய பந்துகளை யாரும் அவருக்காக ஆடித் தரவில்லை. ஆனால் விடாமுயற்சியை மட்டும் வைத்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்க முடியாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதே பயிற்சியை, அதே பிடிவாதத்தோடு செய்துவிட்டு நான்காவது டெஸ்ட் கிடைக்காமல் போனவர்கள் கொழும்பிலும் இருந்திருப்பார்கள், மும்பையிலும் சென்னையிலும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி ஃபார்வர்டு வராது. கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்று கம்பெனி கழற்றிவிட்ட பையனிடம் "அட்டப்பட்டுவைப் பார்" என்று சொல்கிறவர்கள், நான்காவது கம்பெனி வருமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் தேவலை!

பட்டியல் தந்த வாழ்க்கையைப் பட்டியலே திரும்பவும் எடுத்துக்கொண்டது. அந்தக் கோபத்தைத்தான் பிரிஸ்பேனில் கேட்டார்கள்.

அடுத்த டெஸ்ட் ஹோபார்ட்டில். வெற்றிக்கு 507 ரன் என்ற எட்டாத இலக்கு. சங்கக்காரா 192 அடித்தார். தோளிலும் ஹெல்மெட்டிலும் பட்ட பந்துக்கு அவருக்கு அவுட் கொடுத்துவிட்டு நடுவர் பிறகு வருத்தம் தெரிவித்த ஆட்டம் அது. அட்டப்பட்டு 80. இலங்கை 96 ரன்னில் தோற்றது. ஆட்டம் முடிந்தது 2007 நவம்பர் 20. அன்றோடு ஓய்வு. இருபது வயது முடிந்த மறுநாள் தொடங்கியவர், முப்பத்தேழுக்கு இரண்டு நாள் முன்பு முடித்தார். 90 டெஸ்ட், 5502 ரன், சராசரி 39.02. அந்த முதல் ஆறு இன்னிங்ஸை மட்டும் கழித்துவிட்டுக் கால்குலேட்டரைத் தட்டினால் 40.75 வருகிறது. நாற்பதுக்கு மேல் சராசரி வைத்திருப்பவரை ஒரு மாதிரியும், கீழே இருப்பவரை ஒரு மாதிரியும் பார்க்கிற பழக்கம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு உண்டு. இருபது வயதில் வாங்கிய முட்டைகள் கடைசி வரை கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன.

பிறகு கொஞ்ச நாள் இந்தியாவில் ஐசிஎல் ஆடினார், அந்த அமைப்பே சீக்கிரம் மூடப்பட்டது. கனடாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். 2011ல் இலங்கை அணிக்கு பேட்டிங் பயிற்சியாளராக வந்தார், 2014ல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு. அந்த வருஷம் ஜூனில் ஹெடிங்லியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட். இங்கிலாந்தின் கடைசி ஜோடி தோல்வியைத் தவிர்க்கப் போராடிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் மொயீன் அலி சதம் அடித்து நிற்கிறார். மறுபக்கம் ஆண்டர்சன் 81 நிமிஷம், 54 பந்துகளைத் தாக்குப் பிடித்துவிட்டார். ஆட்டத்தில் மீதி இருந்தது இரண்டே பந்து. எரங்க வீசிய பந்து எகிறியது, ஆண்டர்சன் தடுத்தார், ஹெராத் கையில் கேட்ச். 55 பந்தில் 0. ஒன்றுக்கு மேற்பட்ட டெஸ்ட் கொண்ட தொடரை இங்கிலாந்து மண்ணில் இலங்கை வென்றது அதுதான் முதல் முறை. ஆண்டர்சன் மட்டையைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். அப்படி ஒரு பூஜ்யத்தோடு பெவிலியனுக்குத் திரும்பி நடக்கிற தூரம் எவ்வளவு என்பது இலங்கை முகாமில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வருஷம் பாகிஸ்தானிடமும் இந்தியாவிடமும் சொந்த மண்ணிலேயே டெஸ்ட் தொடர்களை இலங்கை இழந்தது. 2015 செப்டம்பரில் அட்டப்பட்டு ராஜினாமா செய்தார். இந்த முறை பொம்மை, கோமாளி என்று யாரையும் எதுவும் சொன்னதாகச் செய்தி இல்லை.